கையில் எடுத்து, எண்ணி, பிரித்து: முப்பரிமாண வடிவங்களைக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கரும்பலகையில் வரைந்த கனச்சதுரத்தை மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றுக்குக் காட்டி, இதற்கு எத்தனை முகங்கள் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று என்றே விடை வரும். அதைத் தவறு என்று அடித்துவிடுவது எளிது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் குழந்தை சொல்லியிருக்கிறது. திண்ணையில் வைத்த பெட்டியை ஒரு மூலைக்கு எதிரே நின்று பார்ப்பவருக்கு மூன்று முகங்களும் ஒன்பது விளிம்புகளும் ஏழு முனைகளும் மட்டுமே தெரியும். இன்னும் மூன்று முகங்கள், மூன்று விளிம்புகள், ஒரு முனை ஆகியவை பின்னால் மறைந்திருக்கின்றன. புள்ளிக்கோடு போட்டு அவற்றைக் காட்டலாம் என்றாலும், அந்தப் புள்ளிக்கோடு ஏற்கெனவே பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவருக்கே புரியும். பார்க்காதவருக்கு அது வெறும் கோலம்.

ஆகவே இந்த வழிகாட்டி படத்திலிருந்து தொடங்கவில்லை. கையில் எடுப்பது, உருட்டுவது, எண்ணுவது, பிரிப்பது, மீண்டும் ஒட்டுவது என்ற வரிசையில் சென்று, வாய்ப்பாடுகளைக் கடைசியில் வைத்துக்கொள்கிறது. ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலோ வகுப்பிலோ கற்பிக்க விரும்புவோருக்காக இது எழுதப்பட்டுள்ளது. முதல் மூன்று படிகள் சிறு குழந்தைகளுக்கும் பொருந்தும். கன அளவு பற்றிய பகுதியை ஐந்தாம் வகுப்புக்கு மேல் எடுத்துக்கொண்டால் போதும்.

முதற்படி: வீட்டிலிருந்தே பொருள்களைச் சேர்த்தல்

கடையில் விற்கும் வண்ண மரக்கட்டைத் தொகுப்பு நல்லதுதான்; ஆனால் அது கட்டாயமில்லை. கொங்கு நாட்டு வீடு ஒன்றில் அரைமணி நேரம் தேடினாலே வேண்டியவை கிடைத்துவிடும். தீப்பெட்டி, செங்கல், தாயக்கட்டை, எவர்சில்வர் டம்ளர், தானியம் அளக்கும் படி, பம்பரம், ரப்பர் பந்து, நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் முட்டை, பண்டிகை நாளாக இருந்தால் ஒரு ஒப்புட்டு (போளி) ஆகியவற்றை ஒரு முறத்தில் வையுங்கள். விசைத்தறியோ பனியன் தொழிலோ அருகில் இருக்குமானால் நூல் தீர்ந்த கோன் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈரோட்டை அடுத்த சித்தோட்டுச் சந்தைக்கு வரும் வெல்லத்தில் உருண்டை வெல்லம் ஒன்றும் அச்சு வெல்லம் ஒன்றும், தேங்காய்த் தொட்டியில் ஊற்றி எடுத்த கருப்பட்டி ஒன்றும் கிடைத்தால் மிகவும் நல்லது. அவை மூன்றும் மூன்று வேறு பாடங்கள்.

இந்தப் பொருள்களில் எதுவும் கணித நூலில் சொல்லும் வடிவத்தோடு முற்றிலும் ஒத்துப்போகாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். உருண்டை வெல்லம் சரியான கோளம் அன்று. கையால் பிடித்ததால் அதில் விரல் அழுத்தம் தெரியும். முட்டை கோளம் போலத் தோன்றினாலும் ஒரு முனை கூம்பியிருக்கும். இந்த வேறுபாடுகளை மறைக்காமல், எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று குழந்தையையே சொல்லச் சொல்லுங்கள். எதற்கு ஒத்துப்போகவில்லை என்று சொல்வதற்கு, சரியான கோளம் எப்படி இருக்கும் என்ற எண்ணம் மனத்தில் உருவாகியே ஆகவேண்டும்.

பெயர்களை இப்போது சொல்ல வேண்டாம். ‘உன் விருப்பம் போல் கூட்டம் பிரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். உருள்வது ஒரு கூட்டம், உருளாதது ஒரு கூட்டம் என்று சில பிள்ளைகள் பிரிப்பார்கள். தின்பது, தின்னாதது என்று பிரிப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகைப் பிள்ளையிடம் இன்னொரு முறை பிரிக்கச் சொன்னால் போதும்.

இரண்டாம் படி: உருட்டிப் பார்த்தல்

சிமெண்ட் தரையில் மாவையோ கோலப்பொடியையோ மெலிதாகத் தூவி, ஒவ்வொரு பொருளையும் அதன்மேல் உருட்டச் செய்யுங்கள். படியும் பந்தும் நேராகப் போகும். டம்ளர் நேராகப் போகாது, வளைந்து திரும்பும். நூல் கோனும் அப்படியே. காகிதத்தில் செய்த கூம்பு, தன் உச்சியை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் செக்கு மாடு போல வட்டமிடும்.

ஏன் என்ற கேள்வியை இங்கே அவசரப்படாமல் எடுத்துக்கொள்ளலாம். டம்ளரின் வாய் அகலமானது, அடி குறுகலானது. ஒருமுறை முழுதாக உருளும்போது வாய்ப்புறம் தன் சுற்றளவு அளவுக்கு நகரும். அடிப்புறம் தன் சுற்றளவு அளவுக்கே நகரும். ஒரு புறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் நகரும் பொருள் திரும்பித்தான் ஆகவேண்டும். டம்ளரின் சரிந்த பக்கங்களை அடிப்புறமாக மனத்தால் நீட்டிக்கொண்டே போனால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியே டம்ளர் சுற்றிவரும் வட்டத்தின் மையம். அதாவது டம்ளரும் நூல் கோனும் தலை வெட்டப்பட்ட கூம்புகள். பத்தாம் வகுப்பில் இதைக் கூம்பின் இடைக்கண்டம் என்று படிப்பார்கள். தொழிலில் கோன் என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், கணிதத்தில் அது முழுக் கூம்பு அன்று. பெயரை நம்பாமல் பொருளை நம்புவதற்குக் குழந்தை இந்த இடத்திலேயே பழகிக்கொள்ளலாம்.

தாயக்கட்டையையும் உருட்டிப் பாருங்கள். நீண்ட நான்கு முகங்களில் ஏதேனும் ஒன்றில்தான் அது படுக்கும். சிறிய இரு முனை முகங்களில் நிற்பதே இல்லை. ஆறு முகம் இருந்தும் நீண்ட நான்கை மட்டுமே ஆட்டத்தில் கணக்கில் கொள்வது இதனால்தான். பரமபதத்துக்கு உருட்டும் கனச்சதுரப் பகடையிலோ ஆறு முகங்களும் ஒரே அளவுள்ள சதுரங்கள் என்பதால் ஆறுக்கும் சம வாய்ப்பு உண்டு. அந்தப் பகடையில் எதிரெதிர் முகங்களின் புள்ளிகளைக் கூட்டினால் எப்போதும் ஏழு வரும் என்பதைக் குழந்தை தானாகவே கண்டுபிடிக்கட்டும். எதிர்முகம் என்ற கருத்து அப்போது வலியில்லாமல் வந்துசேரும்.

மூன்றாம் படி: முகம், விளிம்பு, முனை

இப்போது சொற்களுக்கு வரலாம். உள்ளங்கையை வைத்துத் தடவக்கூடிய தட்டையான பரப்பு முகம். இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு விளிம்பு; அதன்மேல் விரலை ஓட்டலாம். விளிம்புகள் கூடும் புள்ளி முனை. அது விரல் நுனியில் குத்தும். உள்ளங்கை, விரல், விரல் நுனி என்ற இந்த வரிசையைக் குழந்தைகள் மறப்பதில்லை. பாடநூல்களில் முனையை உச்சி என்றும் எழுதுவார்கள். கூம்புக்கும் பிரமிடுக்கும் தலையில் உள்ள புள்ளிக்கு மட்டும் உச்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டால் தொடக்கத்தில் குழப்பம் குறையும் என்பதால் இங்கே முனை என்றே எழுதுகிறேன்.

செங்கல்லைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். முகங்கள் எளிது, சாக்பீஸால் ஒன்று முதல் ஆறு வரை எழுதிவிடலாம். விளிம்பை எண்ணும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஏனெனில் கல்லைத் திருப்பியதும் எதை எண்ணினோம் என்பது மறந்துபோகும். மேலே நான்கு, கீழே நான்கு, நிற்பவை நான்கு என்று பிரித்து எண்ணினால் பன்னிரண்டு என்று தெளிவாக வரும். முனைகள் மேலே நான்கு, கீழே நான்கு.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட அழகான வழி ஒன்று உண்டு. ஆறு முகங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். ஆக மொத்தம் இருபத்து நான்கு பக்கங்கள். ஆனால் ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு முகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன; தோட்டத்து வரப்பு இரண்டு காட்டுக்காரர்களுக்கும் பொதுவாக இருப்பதைப் போல. ஆகவே விளிம்புகள் பன்னிரண்டு. அதேபோல் ஆறு முகங்களுக்கும் சேர்த்து இருபத்து நான்கு மூலைகள். ஒரு முனையில் மூன்று முகங்கள் கூடுவதால் முனைகள் எட்டு. பார்க்காமலேயே எண்ண முடியும் என்ற வியப்பு இங்கேதான் முதன்முதலாகப் பிறக்கிறது. நூறு பக்கமுள்ள தூண் ஒன்றைக் கற்பனை செய்து எண்ணுவதற்கும் இதே கணக்கு உதவும்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் உடனே காட்டிவிட வேண்டும். அதற்குத்தான் அச்சு வெல்லம். வாய் அகன்று அடி குறுகிய சதுர அச்சில் வார்த்த வெல்லத்தை எண்ணினால் அதற்கும் ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை. அப்படியென்றால் அது கனச்சதுரமா? இல்லை. பக்க முகங்கள் சதுரமாக இல்லாமல் சரிவகமாக இருக்கின்றன. கனச்சதுரத்தில் ஆறும் சதுரம். கனச்செவ்வகத்தில் எதிரெதிர் முகங்கள் ஒத்த செவ்வகங்கள். அச்சு வெல்லத்தில் மேலும் கீழும் அளவு மாறிய சதுரங்கள். மூன்றுக்கும் எண்ணிக்கை ஒன்று, முகத்தின் வடிவம் வேறு. அச்சின் பக்கங்கள் ஏன் சரிந்திருக்கின்றன என்று கேட்டால், கவிழ்த்துத் தட்டினால் வெல்லம் ஒட்டாமல் விழ வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள். டம்ளரும் வாளியும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதற்கும் அந்தச் சரிவுதான் காரணம்.

நான்காம் படி: குச்சியும் கடலையும்

சீமாற்றுக் (துடைப்பக்) குச்சிகளை ஒரே நீளத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். இரவு ஊறவைத்த கொண்டைக்கடலை முனையாகவும் குச்சி விளிம்பாகவும் இருக்கட்டும். கனச்சதுரம் கட்டப் பன்னிரண்டு குச்சியும் எட்டுக் கடலையும் வேண்டும்; இதைக் குழந்தையே கணக்கிட்டு எடுத்துவரச் செய்யுங்கள். நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகிக்கு ஆறு குச்சி, நான்கு கடலை. சதுர அடி கொண்ட பிரமிடுக்கு எட்டுக் குச்சி, ஐந்து கடலை.

கட்டி முடித்ததும் விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் ஒரு புதுமை தெரியும். கனச்சதுரம் சாய்ந்து கோணலாகிவிடும், நான்முகி அசையாது. சதுரத்தின் நான்கு பக்கங்களின் நீளம் மாறாமலே அதைச் சாய்சதுரமாகச் சாய்க்கலாம். முக்கோணத்தின் மூன்று பக்க நீளங்களும் நிலைத்துவிட்டால் அதன் வடிவமும் நிலைத்துவிடுகிறது. கனச்சதுரத்தின் ஒவ்வொரு முகத்திலும் ஒரு குறுக்குக் குச்சியைச் சேர்த்துப் பாருங்கள், ஆட்டம் நின்றுவிடும். நெல் களத்துத் தகரக் கொட்டகையின் கூரைச் சட்டங்களையும் உயர்மின் கோபுரங்களையும் முக்கோணம் முக்கோணமாகப் பூட்டியிருப்பதன் காரணத்தை இதன்பின் விளக்கவே தேவையில்லை. கடலை காய்ந்ததும் கட்டு இறுகிவிடும் என்பதால் இந்த மாதிரிகளை ஒரு வாரம் வைத்திருந்து பயன்படுத்தலாம்; எலி இல்லாத இடமாகப் பார்த்து வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: பெட்டியைப் பிரித்தல்

பற்பசைப் பெட்டி, மைசூர்பா பெட்டி, ஊதுபத்திப் பெட்டி என்று மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து, ஒட்டிய இடத்தில் பிரித்து விரியுங்கள். தரையில் தட்டையாகப் படுத்திருக்கும் அந்த அட்டையைக் கணிதத்தில் வலை என்பார்கள். ஒட்டுவதற்காக விட்ட மடிப்புகளைக் கத்தரித்துவிட்டால் ஆறு செவ்வகங்கள் மிஞ்சும். எது எதற்கு எதிர்முகம் என்று மடிக்காமலேயே சொல்லச் செய்து, பிறகு மடித்துச் சரிபார்க்கச் செய்யுங்கள்.

அடுத்து, கட்டம் போட்ட தாளில் ஆறு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்து வரைந்து, எவை கனச்சதுரமாக மடியும் என்று தேடலாம். ஆறு சதுரங்களை அப்படிச் சேர்க்க 35 வெவ்வேறு வழிகள் உள்ளன. அவற்றில் 11 மட்டுமே கனச்சதுரமாக மூடும். ஐந்து சதுரங்கள் ஒரே வரிசையில் வந்துவிட்டாலோ, நான்கு சதுரங்கள் ஒரு பெரிய சதுரமாக ஒன்றுகூடிவிட்டாலோ மூடாது. பதினொன்றையும் ஒரே நாளில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான்கு சதுரங்களின் வரிசை ஒன்றும் அதன் இருபுறமும் ஒவ்வொரு சதுரமும் கொண்டவையே ஆறு. அவற்றை முதலில் பிடித்துவிட்டால் மீதி ஐந்தும் மெல்ல வரும்.

உருளையின் வலை பிள்ளைகளுக்கு எதிர்பாராதது. டின் ஒன்றைச் சுற்றி ஒட்டிய தாளை நேராகக் கீறி எடுத்தால் அது செவ்வகமாக விரியும். அதன் ஒரு பக்கம் டின்னின் உயரம், மறுபக்கம் வட்டத்தின் சுற்றளவு. கூம்பை விரித்தால் வட்டத்தின் ஒரு பகுதி, அதாவது விசிறி வடிவம் கிடைக்கும். கோளத்துக்கு மட்டும் வலையே இல்லை. ஆரஞ்சுப் பழத் தோலை உரித்துத் தரையில் அழுத்தினால் அது ஓரங்களில் கிழியும். எத்தனை கவனமாக உரித்தாலும் கிழியும். கோளத்தின் பரப்பைச் சிதைக்காமல் தட்டையாக்க இயலாது என்பது 1827-இல் கணித அறிஞர் காஸ் நிறுவிய தேற்றத்தின் விளைவு. உலகப் படத்தில் கிரீன்லாந்து ஊதிப் பெருத்துத் தோன்றுவதற்கும் இதுவே மூலம்.

ஆறாம் படி: பட்டகமும் பிரமிடும்

வாழைத்தண்டைக் குறுக்கே எங்கு வெட்டினாலும் அநேகமாக ஒரே அளவு வட்டமே கிடைக்கும். மைசூர்பாவை எங்கு வெட்டினாலும் ஒரே செவ்வகம். இவ்வாறு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறுக்குவெட்டு மாறாமல், இரு முனைகளும் ஒத்த பலகோணங்களாகவும் பக்கங்கள் செவ்வகங்களாகவும் அமைந்த வடிவம் நேர்ப் பட்டகம். கற்சிற்பிகள் தூணின் தட்டையான புறங்களைப் பட்டை என்பார்கள். எண்பட்டைத் தூண் என்ற சொல் இன்றும் வழக்கில் உள்ளது. பேரூரிலோ பவானியிலோ கொடுமுடியிலோ கோயிலுக்குப் போகும்போது மண்டபத் தூண்களைச் சுற்றிவந்து பட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். சதுரமான பகுதியும் அதற்கிடையே பட்டை தீட்டிய கட்டுப் பகுதியும் ஒரே தூணில் மாறி மாறி வருவதைப் பல கோயில்களில் காணலாம். எண்பட்டைப் பகுதியைத் தனியே அறுத்து எடுத்ததாகக் கற்பனை செய்தால் அது எண்கோணப் பட்டகம்: முகங்கள் பத்து, விளிம்புகள் இருபத்து நான்கு, முனைகள் பதினாறு. பட்டைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டினால் முகங்கள், மூன்றால் பெருக்கினால் விளிம்புகள், இரண்டால் பெருக்கினால் முனைகள்.

ஓட்டு வீட்டின் கூரை படுக்கவைத்த முக்கோணப் பட்டகம். முகடு அதன் ஒரு விளிம்பு. சத்தியமங்கலத்தை அடுத்த பவானிசாகரில் 1955-இல் கட்டி முடித்த மண் அணையைக் குறுக்கே வெட்டிப் பார்க்க முடிந்தால், அடி அகன்று தலை குறுகிய சரிவகம் தெரியும். அந்தச் சரிவகத்தையே கிலோமீட்டர் கணக்கில் நீட்டிவிட்டது போன்றது அணை. ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுவதால் அடி அகலமாக இருந்தாக வேண்டும்.

பிரமிடில் குறுக்குவெட்டு மேலே போகப் போகச் சிறுத்து ஒரு புள்ளியில் முடிகிறது. அடி எத்தனை பக்கம் கொண்டதோ அதனோடு ஒன்றைக் கூட்டினால் முகங்களும் அதே எண்ணிக்கையில் முனைகளும் வரும். விளிம்புகள் அடிப்பக்கத்தின் இரு மடங்கு. நம் கோபுரத்தைப் பிரமிடு என்று பிள்ளைகள் சொல்வது வழக்கம். தவறு என்று முழுதாகத் தள்ளிவிட முடியாத விடை அது: நிலை நிலையாகச் சிறுத்துப் போவது உண்மையே. ஆனால் கோபுரம் புள்ளியில் முடிவதில்லை. மேலே நீண்ட வண்டிக்கூடு போன்ற சிகரம் படுத்திருக்கிறது, அதன்மேல் கலசங்கள் வரிசையாக நிற்கின்றன. படுத்த அரை உருளையை ஒத்தது அந்தச் சிகரம்.

ஏழாம் படி: கூட்டிக் கழித்தால் இரண்டு

இதுவரை எண்ணியவற்றை ஒரு தாளில் எழுதி, முகங்களையும் முனைகளையும் கூட்டி, விளிம்புகளைக் கழிக்கச் சொல்லுங்கள். கனச்சதுரம்: 6 + 8 − 12 = 2. நான்முகி: 4 + 4 − 6 = 2. சதுரப் பிரமிடு: 5 + 5 − 8 = 2. எண்பட்டைத் தூண் துண்டு: 10 + 16 − 24 = 2. கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர் 1750-இல் தம் நண்பர் கோல்டுபாக்குக்கு எழுதிய கடிதத்தில் இந்த உறவைக் குறிப்பிட்டார். அதனால் இது ஆய்லர் வாய்ப்பாடு என்று பெயர் பெற்றது. ஐங்கோணமும் அறுகோணமும் தைத்த பழைய கால்பந்து கிடைத்தால் அதையும் சோதிக்கலாம்: ஐங்கோணங்கள் 12, அறுகோணங்கள் 20, ஆக முகங்கள் 32, தையல்கள் 90, தையல்கள் கூடும் முனைகள் 60. தையல்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். வரப்புக் கணக்கைப் போட்டால் போதும். 12 × 5, 20 × 6 இரண்டையும் கூட்டினால் 180; அதில் பாதி 90.

இந்த வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் தம் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் கருவியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டு வரவில்லையென்றால் எங்கோ ஒன்றை விட்டுவிட்டார்கள் அல்லது இருமுறை எண்ணிவிட்டார்கள். மனப்பாடச் செய்யுளாக முதலில் கொடுத்துவிட்டால் இந்தப் பயன் போய்விடும்.

எட்டாம் படி: வளைந்த வடிவங்களில் எழும் வழக்கு

உருளைக்கு எத்தனை முகம்? இரண்டு என்று ஒரு நூலும் மூன்று என்று மற்றொரு நூலும் சொல்வதுண்டு. தேர்வுத் தாளைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் சண்டைக்கு வருவதும் உண்டு. முகம் என்பது தட்டையாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தால் இரண்டு. வளைந்த பரப்பையும் முகமாக ஏற்றால் மூன்று. இரண்டும் ஒப்புக்கொண்ட வழக்கங்களே. ஆகவே ‘தட்டையான முகம் இரண்டு, வளைந்த பரப்பு ஒன்று, வளைந்த விளிம்பு இரண்டு, முனை இல்லை’ என்று முழுதாகச் சொல்லப் பழக்குவதே பாதுகாப்பு. கூம்புக்குத் தட்டையான முகம் ஒன்று, வளைந்த பரப்பு ஒன்று, வளைந்த விளிம்பு ஒன்று, உச்சி ஒன்று. கோளத்துக்கு வளைந்த பரப்பு ஒன்று மட்டுமே. தடவிப் பார்த்தால் விரல் எங்கும் தடைப்படாது. தேங்காய்த் தொட்டிக் கருப்பட்டி அரைக்கோளத்தை ஒத்தது: ஒரு தட்டையான முகம், ஒரு வளைந்த பரப்பு, ஒரு வளைந்த விளிம்பு.

ஆய்லர் வாய்ப்பாட்டை இங்கே போட்டுப் பார்க்கும் பிள்ளை இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். உருளைக்கு 3 + 0 − 2 = 1 வரும்; கூம்புக்கு 2 + 1 − 1 = 2 வந்து ஏமாற்றும். தட்டையான பலகோண முகங்களால் மூடிய, துளையில்லாத வடிவங்களுக்கே அந்த வாய்ப்பாடு சொல்லப்பட்டது என்று விளக்கிவிடலாம்.

ஒப்புட்டை உருளை என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். உயரம் குறைந்து அடி அகன்ற உருளையே அது, நாணயமும் அப்படியே. அடி குறுகி உயரம் நீண்டுபோன உருளை வேண்டுமானால் சந்தகை (இடியாப்பம் போன்றது) இழை இருக்கிறது.

ஒன்பதாம் படி: எவ்வளவு கொள்ளும்?

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனச்சதுரம் ஒரு கன சென்டிமீட்டர். அதில் ஒரு மில்லிலிட்டர் நீர் அடங்கும். பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனச்சதுரப் பெட்டியில் சரியாக ஒரு லிட்டர் கொள்ளும். பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் இருமடங்காக்கினால் எட்டு லிட்டர் கொள்ளும் என்பதை ஊற்றிக் காட்டுங்கள். இரண்டு லிட்டர் என்று பந்தயம் கட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

கொங்கு நாட்டுத் தோட்டத்துக் கிணறுகளில் பல, பாறையை வெட்டிச் சதுரமாகவோ செவ்வகமாகவோ இறக்கியவை. ஆகவே அவை கனச்செவ்வகக் கணக்குக்கு வசதியானவை. முப்பது அடிக்கு முப்பது அடிக் கிணற்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் 9000 கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர் என்பதால் அது சுமார் இரண்டரை லட்சம் லிட்டர். அணை நீரைச் செய்தித்தாளில் டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) கணக்கில் எழுதுகிறார்கள், ஆயிரம் அடி பக்கமுள்ள ஒரு கனச்சதுரத் தொட்டியே ஒரு டி.எம்.சி. பவானிசாகர் அணையின் கொள்ளளவாகச் சொல்லும் 32.8 டி.எம்.சி. என்பது அத்தகைய முப்பத்திரண்டு தொட்டிகளுக்கும் சற்று மேல்.

கூம்புக்கும் உருளைக்கும் உள்ள உறவைச் செய்து காட்டுவதற்கு அளவுகளைத் தருகிறேன். கெட்டியான சார்ட் தாளில் 22 செ.மீ. நீளமும் 12 செ.மீ. உயரமும் உள்ள செவ்வகத்தை வெட்டி, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டுநாடாவால் இணைத்தால் 3.5 செ.மீ. ஆரமுள்ள உருளை கிடைக்கும். அடியை வேறொரு தாளால் மூடுங்கள். பிறகு 12.5 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்து, அதில் ஏறத்தாழ 101 பாகை கொண்ட விசிறியை வெட்டிச் சுருட்டினால் அதே ஆரமும் அதே 12 செ.மீ. உயரமும் கொண்ட கூம்பு வரும். கூம்பில் ராகியைத் தலைதட்டி நிரப்பி உருளையில் கொட்டுங்கள். மூன்றாம் முறை உருளை விளிம்புவரை நிறையும். கணக்குப்படி உருளை 462 கன செ.மீ., கூம்பு 154 கன செ.மீ.

பந்து ஒன்று அச்சாக அடங்கும் உருளையில், பந்து மூன்றில் இரண்டு பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டறிந்த ஆர்க்கிமிடீஸ் அதில் அத்தனை பெருமை கொண்டிருந்தார். அவருடைய கல்லறைமேல் உருளையும் கோளமும் பொறிக்கப்பட்டிருந்தன என்றும், புதர் மூடிக் கிடந்த அதைத் தாம் தேடிக் கண்டதாகவும் ரோமானியரான சிசரோ எழுதியிருக்கிறார்.

பத்தாம் படி: மஞ்சள் பூசிய கனச்சதுரம்

கடைசிச் செயலுக்குப் பருத்த குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) ஒன்றும் ஈரோட்டு மஞ்சள்தூளும் வேண்டும். கிழங்கைத் தோல் சீவி, பெரியவர் ஒருவர் 3 செ.மீ. பக்கமுள்ள கனச்சதுரமாக அளந்து வெட்டித் தரட்டும். ஆறு முகங்களிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசி, ஈரம் உலர்ந்ததும், ஒவ்வொரு திசையிலும் மூன்று சம பங்காக வெட்டினால் 1 செ.மீ. பக்கமுள்ள 27 துண்டுகள் கிடைக்கும். அவற்றைக் கலைத்துப்போட்டு, எத்தனை முகங்களில் மஞ்சள் இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மூன்று முகங்களில் மஞ்சள் உள்ளவை 8. இரண்டு முகங்களில் உள்ளவை 12. ஒரு முகத்தில் மட்டும் உள்ளவை 6. இந்த மூன்று எண்களையும் எங்கே கேட்டோம் என்று கேளுங்கள்; முனை, விளிம்பு, முகம் என்று பதில் வர அதிக நேரம் ஆகாது. முனைத் துண்டில் மூன்று முகங்கள் கூடுகின்றன, விளிம்புத் துண்டில் இரண்டு, முகத்தின் நடுவே உள்ள துண்டில் ஒன்று. மஞ்சள் முகங்களை மொத்தமாகக் கூட்டினால் 24 + 24 + 6 = 54; முழுக் கனச்சதுரத்தின் புறப்பரப்பும் 6 × 9 = 54 சதுர செ.மீ. தான். துண்டுகளைக் கூட்டினால் 26 வருகிறதே, இன்னொன்று எங்கே என்று குழந்தை தேடும். நான்கு புறமும் மேலும் கீழும் மூடப்பட்டு, மஞ்சளே படாமல் வெள்ளையாக இருந்த நடுத்துண்டு அது.

அடுத்த வாரம் ஒவ்வொரு திசையிலும் நான்காக வெட்டினால் என்ன ஆகும் என்று, வெட்டாமல் சொல்லச் சொல்லுங்கள். 8, 24, 24, 8 என்பது விடை. குச்சிக்கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது. துண்டுகளைக் கழுவி, நன்றாக வேகவைத்துத் தாளித்துக்கொள்ளலாம்.